இறங்குவதற்கும் பயிற்சி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சாலையில் மராத்தான் ஓடிப் பழகியவர்கள் மலைப்பாதைப் பந்தயத்துக்குத் தயாராவது பற்றி உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழில் இதைத் தொட்டு எழுதுவதே அபூர்வம். ஆனால் அதில் சொன்ன பயிற்சி முழுக்க ஏறுவதைப் பற்றியது. வாரம் ஒரு நாள் மேடு, வாரக் கடைசியில் ஒரு நீண்ட ஓட்டம், அவ்வளவு போதும் என்கிறது. இறக்கத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. சிக்கமகளூர் காப்பித் தோட்டங்களில் நடக்கும் மல்நாடு அல்ட்ரா போன்ற பந்தயங்களுக்குச் சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் பெயர் கொடுப்பவர்கள் இதை நம்பிப் போனால் பாதி வழியில் தொடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். மூச்சு அவர்களைக் கைவிடாது. சாலை ஓட்டம் மூச்சை நன்றாகவே பழக்கியிருக்கும்.

ஏறும்போது முன்தொடைத் தசை சுருங்கிச் சுருங்கி வேலை செய்கிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே உடம்பின் எடையைத் தாங்கி, வேகத்தையும் பிடித்து நிறுத்த வேண்டும். நீளும் நிலையில் சுமை ஏறினால் தசை இழைகளில் நுண்ணிய கிழிசல்கள் விழும். சிக்கல் என்னவென்றால், அது நடப்பது ஓடுபவருக்குத் தெரிவதில்லை. இறக்கத்தில் மூச்சு வாங்காது, இதயத் துடிப்பும் இறங்கிவிடும். 100 மீட்டருக்கு 20 மீட்டர் என்ற அளவிலான சரிவில் இறங்கும்போதுதான் ஓட்டத்துக்கு ஆகும் சக்திச் செலவு மிகக் குறைவு என்று ஆய்வுக்கூடத்தில் அளந்தே காட்டியிருக்கிறார்கள். அந்தச் சுகத்தில் முதல் இறக்கத்தைப் பறந்து முடிப்பவருக்கு இரண்டாவது இறக்கத்தில் முழங்கால் நடுங்கும். மூன்றாவதில் படி இறங்கவே கைப்பிடி தேடுவார். முழு வலி அன்றைக்கு வராது. மறுநாள் தொடங்கி 24 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போகும்.

நல்ல செய்தி, இந்தத் தசை சீக்கிரம் பாடம் கற்கும். ஒருமுறை அளவோடு இறங்கி, வலித்து, ஆறிவிட்டால், அடுத்த சில வாரங்களுக்கு அதே அளவு இறக்கத்தில் சேதம் வெகுவாகக் குறையும். ஆகவே அடிக்கடி இறங்கத் தேவையில்லை. 7 முதல் 10 நாளுக்கு ஒரு முறை போதும். அதைவிட நெருக்கிச் செய்தால் ஆறுவதற்கு முன்பே மறுபடி கிழிக்கிறோம்.

1,500 மீட்டர் ஏற்றமும் அதே அளவு இறக்கமும் உள்ள பந்தயம் என்று வைத்துக்கொள்வோம். 12 வாரம் கையில் இருக்க வேண்டும். முதல் நாள் மொத்த இறக்கம் 200 மீட்டருக்கு மேல் வேண்டாம், அதுவும் 5 முதல் 8 சதவீதச் சரிவில், அதாவது 100 மீட்டருக்கு 5 முதல் 8 மீட்டர் இறங்கும் பாதையில். அடுத்தடுத்த முறை 100 மீட்டர் வீதம் கூட்டுங்கள். பத்தாவது வாரத்தில் ஒரே நாளில் 800 அல்லது 900 மீட்டர் இறங்கும் நிலைக்கு வந்திருப்பீர்கள். அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பந்தயத்துக்கு முந்தைய இரண்டு வாரத்தில் கடுமையான இறக்கம் கூடாது. கடைசி வாரத்தில் ‘ஒரு தடவை பாதையைப் பார்த்துவிட்டு வருகிறேன்’ என்று போய் முழு மலையும் ஓடி இறங்குகிறவர்கள், பந்தய நாளில் ஏற்கெனவே கிழிந்த தொடையோடுதான் கோட்டில் நிற்கிறார்கள்.

எங்கே பழகுவது? ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகள், ஏற்காட்டின் 20, கொல்லிமலையின் 70 என்று நம் மலைச்சாலைகளுக்குக் குறைவில்லை. ஆனால் பேருந்து ஏற வேண்டும் என்பதற்காகப் போட்ட சாலை சாய்வாகத்தான் இருக்கும். சேலம் அடிவாரத்திலிருந்து ஏற்காடு வரை ஏறக்குறைய 20 கி.மீ.யில் ஆயிரம் மீட்டருக்குக் கொஞ்சம் மேலே ஏறுகிறது; சராசரி 5 அல்லது 6 சதவீதம்தான். பந்தயப் பாதையில் 15 முதல் 30 சதவீதம் வரை சரிவு வரும். எனவே முதல் ஐந்தாறு வாரத்துக்கு மலைச்சாலை போதும், அதன் பிறகு மண்பாதைக்கு மாறியே ஆக வேண்டும். இன்னொன்று, தாரில் இறங்குவது மண்ணில் இறங்குவதைவிட முழங்காலுக்குக் கடுமை. முழு மலையும் ஓடி ஏறிவிட்டு, இறங்கும்போது 3 கி.மீ. மட்டும் ஓடி, மிச்சத்துக்குப் பேருந்து பிடிப்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

சமவெளிக்காரர்களுக்கு அடுக்குமாடி இருக்கிறது. ஒரு மாடிக்குச் சுமார் 3 மீட்டர் உயரம் என்றால் பத்து மாடி 30 மீட்டர். பத்து முறை ஏறினால் 300. இங்கே எல்லோரும் செய்யும் வேடிக்கை, படியில் ஏறிவிட்டு லிஃப்டில் இறங்குவது. பயிற்சியில் மிக வேண்டிய பாதியை லிஃப்டுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். கைப்பிடிக்கு அருகே, ஒரு படிகூடத் தாவாமல், நிதானமாக நடந்தே இறங்கினால் போதும், தொடைக்கு வேலை கிடைத்துவிடும். ஜிம்மில் டிரெட்மில்லை 12 சதவீதச் சாய்வில் வைத்து மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் ஒரு மணி நேரம் நடந்தால் 600 மீட்டர் ஏற்றம் கிடைக்கும். ஏறுவதற்கு அது அருமையான வழி. சாதாரண டிரெட்மில்லில் இறக்கம் கிடைக்காது என்பதை மறக்கக் கூடாது.

சோளிங்கரின் 1,305 படிகள் போன்ற மலைக்கோயில் படிகளைப் பயிற்சிக்குப் பரிந்துரைப்பவர்கள் உண்டு. செருப்பைக் கழற்றிவிட்டு விடியற்காலையில் ஏறி இறங்குவதில் தவறில்லை. ஆனால் குழந்தையைத் தூக்கிக்கொண்டும் முழங்கால் வலியோடும் ஏறும் பக்தர்களுக்கு நடுவே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஓடி இறங்குவது அசிங்கம், ஆபத்தும்கூட.

வீட்டிலேயே செய்ய வேண்டியது, மெதுவான தோப்புக்கரணம். கீழே போக மூன்று விநாடி, மேலே வர ஒரு விநாடி. பிறகு ஒரு படியின் விளிம்பில் ஒற்றைக்காலில் நின்று, மற்றக் காலின் குதிகால் தரையைத் தொடும்வரை மூன்று விநாடி எடுத்து இறங்கி எழ வேண்டும். ஒரு காலுக்கு 8 முதல் 10, மூன்று சுற்று, வாரம் இரு நாள். முட்டி உள்பக்கமாகச் சாய்ந்தால் படியின் உயரத்தைக் குறையுங்கள். இதோடு ஒற்றைக்காலில் நின்று குதிகாலைத் தூக்கி இறக்குவதை 25 தடவை தடையில்லாமல் செய்ய வர வேண்டும். அது வராதவர் செங்குத்துப் பாதையில் ஏறினால் கெண்டைக்கால் முதலில் பிடிக்கும், இல்லாவிட்டால் குதிகால் தசைநாண் வீங்கும். கணுக்கால் சுளுக்குவதற்குக் காரணமும் பழகாத தசைதான். தார்ச்சாலையில் ஒவ்வொரு காலடியும் ஒரே மாதிரி விழுகிறது. பக்கவாட்டில் காலைப் பிடித்து நிறுத்தும் தசைகள் வேலையே இல்லாமல் மெத்தனமாகக் கிடக்கும். பல் துலக்கும்போது ஒற்றைக்காலில் நிற்பது, பிறகு கண்ணை மூடி 30 விநாடி நிற்பது, இவை சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் பயன் அதிகம்.

இறங்கும் முறைக்கு வருகிறேன். பயந்தவர் பின்னால் சாய்வார், முழங்காலை நீட்டிக் குதிகாலால் பிரேக் போடுவார். உடல் எடை முழுவதும் முட்டியில் இடிக்கும். சரளையில் குதிகால் வழுக்கினால் உட்கார்ந்த நிலையில் விழுவார், மணிக்கட்டு போகும். செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறு. காலடி சின்னதாக, வேகமாக, நிமிடத்துக்கு 180 பக்கம் இருக்கட்டும். பாதம் இடுப்புக்கு நேர் கீழே விழ வேண்டும். முட்டி எப்போதும் கொஞ்சம் மடங்கியே இருக்க வேண்டும். கைகளை விரித்து வைத்துக்கொண்டால் நிலை தடுமாறாது. கண் காலடியில் இருக்கக் கூடாது, நாலைந்து மீட்டர் முன்னே மேய வேண்டும். அடுத்த மூன்று காலடியைக் கண் முடிவு செய்துவிட்டால் கால் தானாகப் போகும்.

நிலத்தைப் படிப்பதும் ஒரு வித்தைதான். இறுகிய செம்மண்ணின் மேல் உருண்டைச் சரளை கிடந்தால் அதன் மேல் வேகத்தைக் குறைக்கக் கூடாது. அதற்கு முன்பே, கெட்டியான இடத்தில் குறைத்துக்கொண்டு, சரளையின் மேல் லேசாகக் கடந்துவிட வேண்டும். சோலைக்குள் குறுக்கே கிடக்கும் ஈர வேரை மிதிக்காதீர்கள், தாண்டுங்கள். நனைந்த பாறையில் கறுப்பும் பச்சையுமாகப் பளபளப்பது பாசி. எந்த ஷூவும் அதில் பிடிக்காது. மிகச் செங்குத்தாக இருந்தால் நேராக இறங்காமல் பாதையின் அகலத்துக்குள்ளேயே இடமும் வலமுமாக வளைந்து இறங்கலாம். ஆனால் பாதையை விட்டு வெளியே குறுக்குவழி வெட்டக் கூடாது. ஒருவர் வெட்டிய வழியில் மறுநாள் மழைத் தண்ணீர் ஓடி ஓடையாகிவிடும்.

ஏற்றத்தில் நடப்பது தோல்வி என்ற எண்ணத்தைச் சாலை ஓட்டக்காரர்கள் அடிவாரத்திலேயே விட்டுவிட வேண்டும். சரிவு 15 சதவீதத்தைத் தாண்டினால் நீண்ட பந்தயத்தில் பெரும்பாலோருக்கு ஓட்டமும் வேக நடையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில்தான் கொண்டுபோய் விடும். நடப்பவரின் மூச்சு மட்டும் நிதானமாக இருக்கும். ஒரு முழு வாக்கியம் பேச முடியவில்லை என்றால் அப்போதே நடக்கத் தொடங்குங்கள். உள்ளங்கைகளை முட்டிக்குச் சற்று மேலே ஊன்றித் தள்ளி ஏறினால் முதுகுக்கு நல்லது. ஆனால் வேக நடையும் பழகினால்தான் வரும். அதற்காகவே வாரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும்.

அடுத்தது கணக்கு. மராத்தானில் கிலோமீட்டருக்கு 6 நிமிடம் என்று பழகியவர், 30 கி.மீ. மலைப்பந்தயத்தை 3 மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று போடுவார். சர்வதேச டிரெயில் (மலை, காட்டுப்பாதை) ஓட்டச் சங்கம் பயன்படுத்தும் எளிய கணக்கு ஒன்று உண்டு. 100 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு கிலோமீட்டரைக் கூட்டிக்கொள்ள வேண்டும். 30 கி.மீ., 1,500 மீட்டர் ஏற்றம் என்றால் 45 கி.மீ. என்று எண்ணிக்கொள்ளுங்கள். 6 நிமிடத்தால் பெருக்கினால் நான்கரை மணி. சேறு, வேர், பாறை, தண்ணீர் நிறுத்தங்கள் எல்லாம் சேர்த்தால் ஐந்து, ஐந்தரை. ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் 1892-இல் நடைக்குச் சொன்ன கணக்கும் இதே போக்குதான்: 3 மைலுக்கு ஒரு மணி, அதற்கு மேல் 2,000 அடி ஏற்றத்துக்கு இன்னொரு மணி. பயிற்சியையும் இப்படியே அளக்க வேண்டும். வாரத்துக்கு எத்தனை கி.மீ. என்ற கேள்வியை விட்டுவிட்டு, எத்தனை மணி நேரம் காலில் நின்றோம், எத்தனை மீட்டர் ஏறி இறங்கினோம் என்று எழுதி வையுங்கள். மலைக்குப் போன வாரத்தில் சாலைக் கி.மீ. மூன்றில் ஒரு பங்கு குறைந்தால் குறையட்டும்.

ஷூ விஷயத்தில் பணம் வீணாவது அதிகம். சாலைப் பந்தயத்துக்கு வாங்கிய, உயர்ந்த நுரையும் கார்பன் தகடும் உள்ள ஷூ மலையில் ஆபத்து. ஷூ அடியின் உயரம் கூடக்கூட கணுக்கால் புரள்வது சுலபம். தகடு வளையாததால் கல்லின் ஓரத்தில் பாதம் பிடிப்பின்றிக் கவிழும். அடியில் 4 அல்லது 5 மி.மீ. முள் உள்ள டிரெயில் ஷூ சேற்றுக்கும் ஈர மண்ணுக்கும் சரி. காய்ந்த கெட்டிப் பாதைக்கு 3 மி.மீ. போதும். வழக்கமான அளவைவிட அரை எண் பெரிதாக வாங்குங்கள். இறக்கத்தில் பாதம் முன்னால் சரிந்து கட்டைவிரல் இடித்தே நகம் கறுக்கிறது. மேல்கோடியில் இருக்கும் உபரித் துளையில் லேஸைக் கொக்கிபோல் வளையமாக்கி, அதற்குள் எதிர்முனையை நுழைத்துக் கட்டினால் குதிகால் ஷூவுக்குள் ஒட்டி உட்கார்ந்துவிடும், பாதம் சரியாது. நகத்தை இரண்டு மூன்று நாள் முன்பே நேராக வெட்டிவிடுங்கள். முந்தின இரவு வெட்டினால் வெட்டுமுனை சதையைக் குத்தும். புது ஷூவில் குறைந்தது 50 கி.மீ. ஓடாமல் பந்தயத்துக்குப் போகக் கூடாது. மழைக்காலத்தில் வால்பாறை, குடகுப் பக்கம் போகிறவர்கள் நீண்ட, நெருக்கமான நெசவுள்ள சாக்ஸ் போட்டுக்கொண்டால் அட்டைக்கடி குறையும்.

தண்ணீரைப் பற்றிச் சுருக்கமாக. ஒரு மணி நேர ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் உடம்பைத் துடைத்துவிட்டு எடை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்வை. அதில் முழுவதையும் ஈடுகட்டத் தேவையில்லை, தாகத்துக்குக் குடித்தால் போதும். ஐந்து மணி நேரம் வெறும் தண்ணீரை மட்டும் வயிறு முட்டக் குடிப்பவருக்கு ரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, குமட்டல், குழப்பம் வரும். அதை நீர்ச்சத்துக் குறைவு என்று நினைத்து மேலும் தண்ணீர் கொடுப்பது மோசமான தவறு. உலக சுகாதார நிறுவனத்தின் கலவையில் வரும் 20.5 கிராம் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் சரியாக ஒரு லிட்டருக்கானது. அரை லிட்டர் பாட்டிலில் முழுப் பொட்டலத்தையும் கொட்டினால் வயிறு பிசையும். சாப்பாட்டில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து தேவை. ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் 25 கிராம் கிடைக்கும். பேரீச்சை, கடலைமிட்டாய் எல்லாம் சரிதான். ஆனால் கடலைமிட்டாய் ஏற்றத்தில் மூச்சு வாங்கும்போது தொண்டையில் சிக்கும், சமதளத்தில் தின்னுங்கள்.

வலி மாத்திரையைப் பையில் வைத்துக்கொண்டு ஓடும் பழக்கம் நம்மூரில் பரவிவருகிறது. ஐபுபுரூஃபன், டைக்லோஃபெனாக் போன்றவை சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். இறக்கத்தில் கிழிந்த தசையிலிருந்து வெளியேறும் புரதமும் அதே சிறுநீரகத்தில்தான் வடிகட்டப்பட வேண்டும். இரண்டும் உடல் வறட்சியோடு சேர்ந்தால் சிறுநீரகம் செயலிழக்கலாம். பந்தயத்துக்குப் பின் சிறுநீர் பால் கலக்காத தேநீரின் நிறத்தில் போனால் ஓய்வெடுத்துப் பார்ப்போம் என்று இருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

குளிரைத் தமிழ்நாட்டுச் சமவெளிக்காரர்கள் மதிப்பதே இல்லை. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய 6.5 டிகிரி இறங்கும். நனைந்த உடையும் காற்றும் சேர்ந்தால் 10 டிகிரியே ஆளைச் சாய்க்கும். 2021 மே 22 அன்று சீனாவின் கான்சு மாகாணத்தில் பாயின் நகருக்கு அருகே நடந்த 100 கி.மீ. மலைப்பந்தயத்தில் திடீரெனக் குளிர்மழையும் ஆலங்கட்டியும் சூறைக்காற்றும் தாக்கி 21 பேர் இறந்தார்கள். அவர்களில் அந்நாட்டின் தலைசிறந்த நெடுந்தூர ஓட்டக்காரர்களும் இருந்தார்கள். காற்றைத் தடுக்கும் மேலங்கி அந்தப் பந்தயத்தில் கட்டாயப் பொருள் அல்ல. பந்தய அமைப்பாளர் கேட்டாலும் கேட்காவிட்டாலும், தையல் வழியே நீர் புகாத மழை மேலங்கி, அவசரப் போர்வை, விசில், தலைவிளக்கு ஆகியவை பையில் இருக்க வேண்டும். எல்லாம் சேர்ந்து அரைக் கிலோகூட வராது.

கடைசியாக, கட்டுரையில் இருந்த ஒரு வரியை மறுக்க வேண்டியிருக்கிறது. ‘பக்கத்துக் காட்டுப் பாதையில் அதிகாலை இருட்டில் ஓடிப் பழகலாம்’ என்று எழுதியிருந்தது. காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணித் தீயில் 23 பேர் மாண்ட பிறகும் இதை யாருக்கும் நினைவூட்ட வேண்டியிருப்பது வருத்தம். வனத்துறை 2024 அக்டோபரில் தொடங்கிய ‘டிரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் அப்போது 14 மாவட்டங்களில் 40 வழிகள் அறிவிக்கப்பட்டன. வழிகாட்டியோடு நடந்துதான் போக வேண்டும். கால்களை நிலத்துக்குப் பழக்க அந்த நடையே நல்ல பயிற்சி. ஓட வேண்டுமென்றால் உரிமையாளரிடம் கேட்டுவிட்டு எஸ்டேட் பாதையில் ஓடுங்கள், அதுவும் நன்றாக விடிந்த பிறகு, காதில் பாட்டு இல்லாமல். நடப்பவரின் சத்தம் காட்டுமாட்டுக்குத் தூரத்திலேயே கேட்டுவிடும். ஓடுபவர் வளைவு திரும்பியதும் அதன் எதிரில் போய் நிற்பார். திடுக்கிட்ட மாடு முட்டும். யானை நடமாட்டம் பற்றித் தோட்டக் காவலரிடமும் டீக்கடையிலும் விசாரிக்காமல் ஒரு அடி வைக்கக் கூடாது.

பந்தயச் செய்திகளை வெளியிடும்போது தூரத்தை மட்டும் போடாமல் மொத்த ஏற்றம், மொத்த இறக்கம், கெடு நேரம் மூன்றையும் அமைப்பாளரிடம் கேட்டு அச்சிடுங்கள். 30 கி.மீ. என்று மட்டும் படித்துவிட்டுப் பணம் கட்டுகிறவர் எதற்குக் கட்டுகிறார் என்பது அவருக்கே தெரியாது. அமைப்பாளரிடம் இறக்கத்தின் கணக்கு இல்லையென்றால், அதையும் ஒரு வரி போட்டுவிடலாம்.

இப்படிக்கு,
ஓட்டப் பயிற்சியாளர் ஒருவர்,
கோயம்புத்தூர்